வினாவும் விடையும்: வள்ளி திருமணமும் தேயிலைத் தோட்டமும்

நாடக உரையாடலில் சொல்லப்படுவதைவிடச் சொல்லாது உணர்த்தப்படுவதே மிகுதி. இதனை விளக்க இன்று ஆய்வாளர் பெரிதும் நாடுவது கிரைசின் கோட்பாட்டையாகும். 1967இல் ஹார்வர்டில் சொற்பொழிவாக நிகழ்த்தப்பெற்று 1975இல் அச்சேறிய அக்கோட்பாடு, உரையாடுவோர் அளவு, வாய்மை, தொடர்பு, முறைமை ஆகிய விதிகளைப் பேணுவர் என்றும், அவற்றுள் ஒன்று வெளிப்படையாக மீறப்படுமிடத்துக் கேட்போர் உட்பொருளை உய்த்துணர்வர் என்றும் கூறும்.

தமிழ் இலக்கணிகள் இச்சிக்கலை வேறொரு வாயிலாக அணுகினர். தொல்காப்பியக் கிளவியாக்கம் எதிர்வினாவையும் விடையாக ஏற்கிறது. நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் நேர்விடை அல்லவெனினும் விடையாகவே கொள்ளப்படும்.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணத்தில் தினைப்புனத்திற்கு வேடனாக வரும் முருகன், மானைக் கண்டதுண்டோ என வினவுகிறான். தேடப்படும் மான் வள்ளியே என்பதை அவையோர் அறிவர். கோவை நூல்களின் ‘கலைமான் வினாதல்’ துறையைக் கற்றோர்க்கு இவ்வினா புதிதன்று. இங்கு வாய்மை விதி மீறப்படுவது காதலின் பொருட்டு.

இத்தகைய புராண நாடகங்கள் மலாயாத் தோட்டக் கோயில் திருவிழாக்களிலும் மேடையேறின. அவற்றைக் கண்ட தொழிலாளரின் அன்றாடப் பேச்சிலும் குறிப்புவிடைக்கு இடமிருந்தது. ஆயின் அதன் தேவை வேறு. கேமரன் மலையில் 1929இல் தோன்றிய போ தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களில் துரை, கிராணி, கங்காணி என்னும் படிநிலை நிலவியது. 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்யும்வரை, ஊருக்குச் சென்று ஆள்திரட்டி வந்தவரும் கங்காணியே. ஆகவே வினவுபவர் மேலாளராகவும் ஊராராகவும் ஒருங்கே நின்றார்.

காலைப் பெரட்டில் “கொழுந்தெடுக்கப் போகலியா?” எனக் கங்காணி கேட்க, “ராவெல்லாம் காச்சலுங்கய்யா” என ஒரு பெண் விடையிறுப்பதாகக் கொள்வோம். நிர்வாகத்தின் செவிக்கு இது மழுப்பல், நன்னூலார்க்கு உற்றதுரைத்தல். ‘போகவில்லை’ என்னும் மறுப்பு கூலியையும், ஒருகால் லயத்து வீட்டையும் இழக்கச் செய்யலாம். கிரைசின் எடுத்துக்காட்டுகளில் உரையாடுவோர் பெரும்பாலும் சமநிலையினர். பெரட்டில் நிற்போர் அத்தகையர் அல்லர். தோட்ட வாழ்வைச் சித்திரிக்கும் நாடகங்களை ஆராய்வோர் விதிமீறல்களை எண்ணி அட்டவணையிடுவதோடு அமைதல் போதாது என்பது நம் கருத்து. யார் யாரிடம் வினவுகிறார் என்பதே அங்கு முதற்கேள்வி.

இன்று அம்மலையில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். பெரட்டுத் தமிழைக் கேட்டறிய இனி முதியோரின் நினைவையும் எஞ்சியுள்ள நாடகப் படிகளையுமே நாட வேண்டியிருக்கிறது.