இலவசமா, காசு கொடுத்தா? டெல்டாவுக்கு ஆன்டிவைரஸ் வந்த கதை

காலேஜ் சேர்ற தம்பிக்கோ தங்கச்சிக்கோ லேப்டாப் வாங்கினதும் வீட்டுல வர்ற முதல் கேள்வி, "ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கணுமா, சும்மா கிடைக்கிறதே போதுமா?" இன்னைக்கு இதுக்குப் பதில் ரொம்பச் சின்னது. ஆனா இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்விக்கு வேற பதில் இருந்துச்சு. அதைப் புரிஞ்சுக்க பாபநாசம் போகணும். கமல் படத்துல வர்ற திருநெல்வேலி பாபநாசம் இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கிற, எங்க மாமா ஊர் பாபநாசம்.

2006. வீட்டுத் திண்ணையை அடைச்சு மாமா ஒரு டிடிபி சென்டர் வெச்சிருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, எல்லாம் பேஜ்மேக்கர்ல. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணது. அதுல இருந்த எக்ஸ்பி ஒரிஜினலான்னு யாரும் கேட்டதில்லை. தை முகூர்த்த சீசன்ல ஒருத்தர் பென் டிரைவ்ல போட்டோ கொண்டு வந்தார். மாமா செருகினார். அவ்வளவுதான். அடுத்த நாள் பார்த்தா ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பதிலா அதே பேர்ல, அதே மஞ்சள் ஐகானோட ஒரு எக்ஸ்ஈ ஃபைல். திறந்தா எதுவும் வராது, வைரஸ் மட்டும் இன்னொரு தடவை ஓடும். உண்மையான ஃபோல்டர்கள் அங்கேயேதான் ஒளிஞ்சிருந்தன. அது மாமாவுக்குத் தெரியாது. ஃபார்மட் பண்ணிட்டார். இரண்டு கல்யாணப் பத்திரிகையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி டைப் அடிச்சார்.

அப்போ ஆன்டிவைரஸ்னு ஒண்ணு இல்லையா? இருந்துச்சு, நம்ம ஊர்லயே. பிசி வைரஸ்களில் முதலாவதுன்னு சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986-ல் லாகூர்ல ஒரு கடை நடத்தின அண்ணன் தம்பி எழுதினது. தாங்க எழுதின மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுக்கிறவங்களைப் பிடிக்கத்தான் எழுதினோம்னு சொன்னாங்க. ஐந்து வருஷம் கழிச்சு, 1991-ல், சென்னையில கேசவர்தனன் 'கே7' நிறுவனத்தை ஆரம்பிச்சார். புனேயில ரிப்பேர் கடை வெச்சிருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் 'குவிக் ஹீல்' கொண்டு வந்தாங்க. லாகூர்ல அண்ணன் தம்பி வைரஸ் எழுதினா, புனேயில அண்ணன் தம்பி மருந்து எழுதியிருக்காங்க!

ரிப்பேர் கடையில பிறந்ததுங்கிறது முக்கியமான விஷயம். ஏன்னு பிறகு சொல்றேன்.

இலவசம் வந்தது செக் நாட்டுல இருந்து. அவாஸ்ட் 2001-ல் வீட்டு உபயோகத்துக்கு இலவசம்னு அறிவிச்சது. அதே நாட்டு ஏவிஜியும் இலவசமா ஒரு பதிப்பைக் கொடுத்தது. தஞ்சாவூர் பிரவுசிங் சென்டர்ல இதை சிடியில எழுதிட்டு வந்து நானே மாமா மெஷின்ல போட்டேன். அதுல இரண்டு சிக்கல். ஒண்ணு, "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்"ங்கிற நிபந்தனை. திண்ணையில நடக்கிற டிடிபி சென்டர் வீடா, கடையா? டெல்டாவுல பாதிக் கடைகள் அப்படித்தானே! லைசென்ஸ் எழுதினவங்களுக்குத் திண்ணைன்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். அப்டேட். அந்தக் கால ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஒரு குற்றவாளிப் பட்டியல் மாதிரி. பட்டியல்ல பேர் இருந்தாத்தான் பிடிக்கும். தினமும் புதுப் பட்டியல் இறங்கணும். மாமா வீட்டுல இருந்தது டயல்-அப். அப்டேட் இறங்கிட்டிருக்கும்போது அத்தை போனை எடுத்தா கனெக்‌ஷன் போயிடும். சரி, ஃபுல் ஸ்கேன் போடலாம்னா மூணு மணி நேரம் ஆகும், நடுவுல கரண்ட் போயிடும். ஆக, இலவசமா வந்தது மாசக்கணக்கா பழைய பட்டியலோடயே உட்கார்ந்திருந்துச்சு. பச்சை டிக் மட்டும் அழகா தெரிஞ்சுது.

கடைசியில மாமா காசு கொடுத்து வாங்கினார். கும்பகோணத்துல இருந்து டீலர் கடைப் பையன் டிவிஎஸ் வண்டியில வந்து போட்டுக் கொடுத்தான், பிரச்சினைன்னா அப்டேட்டைப் பென் டிரைவ்ல கொண்டு வந்தான். வீண் செலவுதானேன்னு கேட்டேன். "போன் பண்ணா பையன் வர்றான்ல, மாப்ள." ரிப்பேர் கடைன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். அன்னைக்கு விற்கப்பட்டதுல பாதி சாஃப்ட்வேர், மீதி அந்தப் பையன்.

இன்னொரு பதிலும் இங்கேயே இருந்துச்சு. 1999-ல் திருவாரூர் கலெக்டரா வந்து, அந்த மாவட்ட நிர்வாகத்தைக் கம்ப்யூட்டர் மயமாக்கினதுக்காகப் பேசப்பட்டவர் உமாசங்கர். பின்னாடி எல்காட் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றப்போ, அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். விண்டோஸுக்கு எழுதின வைரஸ் லினக்ஸ்ல ஓடாது, அதனால ஆன்டிவைரஸ் செலவும் இல்லை. அரசு ஆபீஸுக்கு நல்ல யோசனை. ஆனா மாமாவோட பேஜ்மேக்கரும், அதுல இருந்த பழைய தமிழ் ஃபான்ட்டும் அங்கே ஓடாது. பல வருஷப் பத்திரிகை டிசைனை யாரு தூக்கிப் போடுவாங்க? 2011-ல் வந்த அரசு இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச பசங்க யாரும் லினக்ஸ் பக்கம் போகலை, படம் காப்பி பண்ணப் பென் டிரைவைத்தான் செருகினாங்க.

நிலைமையைத் திருப்பிப் போட்டது மைக்ரோசாஃப்ட். 2009-ல் இலவச ஆன்டிவைரஸ் கொடுத்தாங்க, ஆனா விண்டோஸ் ஒரிஜினலா இருக்கணும். மாமா மாதிரி ஆட்களுக்கு அது எட்டாத கனி. 2012-ல் விண்டோஸ் 8 வந்தப்போ டிஃபெண்டர் உள்ளேயே சேர்ந்து வந்துடுச்சு. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகத்தையே ஆட்டினப்போ ஆந்திரா போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டுச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே இலவசமா விட்டிருந்தது!

இலவசத்துக்கும் ஒரு பில் வந்துச்சு. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போறாங்கங்கிற தகவலை 'ஜம்ப்ஷாட்'ங்கிற துணை நிறுவனம் வழியா வித்தது 2020-ல் வெளியே வந்தது. ஜம்ப்ஷாட்டை மூடினாங்க. 2024-ல் அமெரிக்காவின் எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

அதனால உங்க தம்பி லேப்டாப்புக்கு என் பதில்: ஒரிஜினல் விண்டோஸ் 11, டிஃபெண்டர் ஆன்ல இருக்கட்டும், அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க, முக்கியமான ஃபைலுக்கு வெளியே ஒரு காப்பி. போதும். தனியா இன்னொரு இலவச ஆன்டிவைரஸ் வேண்டாம். வீட்டுலயே கடைக் கணக்கு ஓடுது, அப்பாவுக்குக் கூப்பிட்டா வர ஒரு ஆள் வேணும்னா, தாராளமா காசு கொடுங்க. கிராக் பண்ண ஆன்டிவைரஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். திருடன்கிட்டயே பூட்டு வாங்கின கதைதான் அது.

மாமா இன்னும் பத்திரிகை அடிக்கிறார், இப்போ பாதி வாட்ஸ்அப்ல போகுது. 2024 கடைசியில, கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் அனுப்பி போன்ல இருந்து பணம் எடுக்கிற மோசடி பத்திப் பல மாநில போலீஸ் எச்சரிச்சாங்க. அதுக்கப்புறம் மாமா அனுப்புற ஒவ்வொரு பத்திரிகைக்கும் கீழே ஒரு வரி சேர்க்கிறார்: "இது பிடிஎஃப். ஏபிகே வந்தால் திறக்காமல் பெண் வீட்டாருக்குப் போன் செய்யவும்."