கிணற்றுக்குக் கீழே கடல்

எங்கள் அளவெட்டிக்குக் கடற்கரை இல்லை. எப்பக்கம் நடந்தாலும் மல்லாகம், தெல்லிப்பழை, இளவாலை என்று இன்னோர் ஊர்தான் வரும். நேபாளத்தையும் லாவோசையும் நிலத்தால் சூழப்பட்ட நாடுகளென்று படிப்பித்தபோது, "சேர், எங்கட ஊரும் அப்பிடித்தானே?" என்றான் ஒரு பெடியன். ஓமென்று சொல்லிவிட்டேன். அந்த விடை பாதிதான் சரி.

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். துளையும் வெடிப்பும் நிறைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே குறையக் குறைய உவர் ஏறிவரும்.

செம்மண் மேட்டில் தோட்டம், பள்ளத்தில் மழையை நம்பிய நெல், மிச்சம் வளவும் பனங்கூடலும். அளவையும் முன்னோர் பிரித்தே வைத்தார்கள்: தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயலில் 24. (ஊர்ப்பெயரை இந்த அளவோடு முடிச்சுப்போட நான் வரவில்லை.)

தோட்டத்துக்குத் துலா. ஒருவர் துலாவில் ஏறி நடப்பார், ஒருவர் பட்டை பிடிப்பார், இன்னொருவர் தண்ணி மாறுவார். ஆள் களைத்தால் கிணறும் ஆறும். கிணற்றுக்கு இருந்த ஒரே காவல் அந்தக் களைப்புத்தான். மண்ணெண்ணெய் இயந்திரம் வந்ததோடு அது போயிற்று. 1970க்குப் பின் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை அரசு கட்டுப்படுத்த, தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. 1977இல் இறக்குமதி திறக்க விலை விழுந்தது. இடைப்பட்ட காலத்தைப் பெரியவர்கள் இன்றும் பொற்காலம் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் கிணற்றின் செலவை அப்போது எந்தத் தோட்டக்காரரும் கணக்கில் எழுதவில்லை.

1990இல் பொருளாதாரத் தடை. எனக்குப் பத்து வயது. எரிபொருள் இல்லை, யூரியாவும் இல்லை. ஐயா பழைய துலாவை மறுபடி நிமிர்த்தினார். அம்மா தண்ணி மாற, நான் துலா மிதித்தேன். பன்னிரண்டு பரப்புச் செய்த ஐயா நாலு பரப்போடு நின்றார். உள்ளங்கால் எரிய அழுதிருக்கிறேன். அதை நல்ல காலமென்று எவரும் எனக்குச் சொல்லவேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது துலா கிணற்றடியில் நின்றது. 1996இல் திரும்பி வந்தபோது இல்லை. விறகாகியிருக்கும்.

சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டித் தராது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் அதே நீரில்தான் கலக்கின்றன. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை காட்டிவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன் பக்கத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோதுதான் ஊர் கொஞ்சம் கலங்கியது.

பெடியனுக்கு மிச்சப் பாதி விடையை அடுத்த பாடத்தில் சொன்னேன். "அப்ப உப்பு எவ்வளவு கீழ நிக்குது, சேர்?" என்றான். கயிற்றில் கல்லைக் கட்டி, மாதம் ஒருமுறை அவரவர் கிணற்றில் நீர்மட்டம் அளந்து வரச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கிணற்றில் மின்மோட்டார். ஆளியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால், சிலவேளை நிறுத்தவும் மறந்துவிடுகிறேன்.