பிடியரிசியும் ஊர்ப்பள்ளியும்

நமது சமூகத்தாரின் ஊர்ப்பள்ளிகளைப் பற்றிய செய்திகள் இத்தகைய இதழ்களில் இடையறாது வெளிவருதல் அன்பர்கள் அறிந்ததே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் தொகை, தேர்விற் சிறந்தோர் பெயர், ஆண்டுவிழாவில் வழங்கிய பரிசுகள், புதுக்கட்டடத்திற்குப் பொருளுதவியோர் வரிசை ஆகிய இவற்றைப் படிக்குங்கால் உள்ளம் மகிழ்கின்றது. மகிழத்தக்கதே. ஆயினும், இச்செய்திகளுக்கெல்லாம் மூலமாய் நின்றது ஓர் அடுக்களைக் கலயமே என்பதை நம் இளைஞர் பலர் அறியார். ஆகலின், விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை தோன்றிய வரலாற்றையும், அதனின்று நாம் இன்று மேற்கொள்ளவேண்டிய கடமை ஒன்றையும் இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இன்று விருதுநகர் என வழங்கும் ஊர், 1923-ஆம் ஆண்டுவரை விருதுபட்டி என்னும் பெயருடையதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது திருநெல்வேலி ஜில்லாவிற் சாத்தூர்த் தாலுகாவைச் சார்ந்தது. கரிசற் பூமி. மழையை நம்பிய வேளாண்மை. எனினும் பருத்தி, மிளகாய், பயறு முதலிய சரக்குகள் வந்து குவியும் வாணிகத் தலமாக அஃது ஓங்கிற்று. மதுரையினின்று தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை அமைந்தபின் அவ்வாணிகம் பன்மடங்கு பெருகியது.

அவ்வாணிகத்திற்கு அரணாய் நின்றவை பேட்டையும், உறவின்முறையும், மகமையுமாம். வண்டிகளும் சரக்கும் கள்வர்க்கஞ்சாது தங்குதற்கு அமைந்த மதில்சூழ்ந்த இடம் பேட்டை. ஊரிலுள்ள நம்மவர் குடும்பங்கள் கூடிப் பொதுக்காரியம் நடத்தும் அமைப்பு உறவின்முறை. வாங்கும் சரக்கின்மீதும் விற்கும் சரக்கின்மீதும் வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சிறுபங்கு மகமை. இதனைத் தண்டியவர் அரசாங்கத்தார் அல்லர். முறைவைத்துப் பொறுப்பேற்ற முறைகாரரே தண்டினர். கிணறு, சத்திரம், கோயில், திருவிழா ஆகிய யாவும் இம்மகமையால் நடைபெற்றன.

நிற்க, அக்காலத்துக் கல்வி எத்தன்மையதாயிருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடமே பெரும்பாலார்க்கு வாய்த்தது. மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடி மனனஞ் செய்து, கடைக்கணக்கு எழுதும் அளவிற்குப் பிள்ளை தேறியவுடன் அவன் கல்வி முற்றுப்பெற்றதாகக் கொண்டனர். அஃது இழிவன்று, அதனாலேயே நம் முன்னோர் பெருவாணிகம் நடத்தினர். ஆயின் நியாயஸ்தலத்திற்கும், தாலுகாக் கச்சேரிக்கும், இரயில்வே அலுவலகத்திற்கும் அக்கல்வி போதாதாயிற்று. மனு எழுதவேண்டின் பிறர் வாயிலில் நிற்கவேண்டும். எழுதியது யாதென அறியாமலே கையொப்பமிடவேண்டும். பிற வகுப்பார் நடத்திய பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு எங்கும் எளிதில் இடங்கிடைத்ததுமில்லை. தெற்கே மிஷன் பாடசாலைகள் பல பரவியிருந்தன. வடக்கேயிருந்த நம் வணிக ஊர்களோ தம் முயற்சியையே நம்பவேண்டியிருந்தன.

இந்நிலையிலேதான் 1889-ஆம் ஆண்டில் விருதுபட்டி நாடார்கள் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். பள்ளி தொடங்குதல் எளிது, நடத்துதலே அரிது. உபாத்தியாயர்க்கு மாதந்தோறும் சம்பளம் தரவேண்டும். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கினால் ஏழை வீட்டுப் பிள்ளை வாராது. மகமைப் பணமோ வாணிகத்தின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்தது. இவ்விடர்ப்பாட்டை நீக்கியது பிடியரிசி முறையாகும்.

அதன் நடைமுறை மிக எளிது. நாள்தோறும் உலையிலிடுதற்கு அரிசி அளந்தெடுத்த இல்லத்துப் பெண்மணி, அதனின்று ஒரு பிடியை அள்ளி, பள்ளிக்கென வைத்த கலயத்தில் இடுவாள். வீடுதோறும் சேர்ந்த அரிசியைக் குறித்த நாளிற் சென்று வாங்கிவந்து விற்று, அப்பணத்தைப் பள்ளிச் செலவிற்குப் பயன்படுத்தினர். நூறு வீடுள்ள தெருவில் வீட்டிற்கு ஒரு பிடியாக ஓராண்டிற்கு 36,500 பிடி சேரும் என்பதைச் சிறுபிள்ளையும் கணக்கிட்டறியலாம். இவ்வாறு பிள்ளைகள் கட்டணமின்றிப் பயில வழி பிறந்தது. நம்மவர் பொருளால் நடந்ததாயினும் இப்பள்ளியின் கதவு பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இதன் அருமையை உணர அக்கால உலகநிலையைச் சிறிது நோக்குவோம். நம்மை ஆண்ட இங்கிலாந்து தேசத்திலேயே தொடக்கக் கல்விக் கட்டணத்தைப் பெரும்பாலும் நீக்கிய சட்டம் 1891-இல்தான் நிறைவேறியது. இந்தியாவில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கக் கோபாலகிருஷ்ண கோகலே 1911-இல் கொணர்ந்த மசோதா மறுவாண்டிலே தோற்கடிக்கப்பட்டது. ஆட்சியாளர் பொருளில்லையென்று கைவிரித்த காரியத்தை, அவர்க்கு முன்னரே ஒரு கரிசற்காட்டு ஊரின் அடுக்களைகள் செய்துகாட்டின.

இப்பிடியரிசியின் சிறப்பு மூன்று வகைத்து. முதலாவது, அது சிறிது. சிறிதாகலின் செல்வரும் ஏழையரும் ஒருதன்மையராய் ஈந்தனர். ஒரு பிடி ஈந்தமையால் எவர் வீட்டுப் பானையும் குறைந்திலது. இரண்டாவது, அது நாள்தோறும் ஈயப்படுவது. திருவிழாவன்று ஒருமுறை ஈந்து மறுநாள் மறந்துபோகும் கொடை அன்று. அடுப்பு மூட்டும் ஒவ்வொரு பொழுதும் பள்ளியின் நினைவு வந்தது. மூன்றாவது, அஃது உரிமையைத் தந்தது. மகமை கடையினின்று ஆடவர் அளித்தது. பிடியரிசியோ அடுக்களையினின்று பெண்டிர் அளித்தது. எழுத்தறியாத தாயும், ‘நம் பள்ளியில் இன்று பாடம் நடந்ததா?’ என்று கேட்கும் உரிமையுடையவளானாள். கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பெறாத அத்தாய்மாரே இப்பள்ளியின் முதற் புரவலர் என்பது எம் துணிபு.

பள்ளி தோன்றிய பத்தாண்டிற்குள், 1899-இல், சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அத்துன்பத்தால் நம் முன்னோர் கல்வி முயற்சியைக் கைவிட்டிலர். 1910-ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாப் பொறையாற்றில், ராவ்பகதூர் இரத்தினசாமி நாடார் அவர்களின் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியபொழுது கல்வியும் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்றாயிற்று. ஊர்தோறும் பள்ளி எழுந்தது. 1947-இல் விருதுநகரிற் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் தோன்றின. கலயத்தில் விழுந்த அரிசி கல்லூரிகளாய் விளைந்தது என்று கூறுதல் மிகையாகாது.

இனி, அப்பிடியரிசி ஈந்த தலையாய பயனைக் கூறுவோம். 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுபட்டியிற் பிறந்த காமராசர், திண்ணைப் பள்ளியிலும் ஏனாதிநாயனார் வித்தியாசாலையிலும் தொடங்கி, பின்னர் இச்சத்திரிய வித்தியாசாலையிற் பயின்றனர். ஏனாதிநாத நாயனார் வாட்பயிற்சி கற்பித்து, அதனால் வந்த பொருளை அடியார்க்கு ஈந்த ஆசிரியர் எனப் பெரியபுராணத்தால் அறிகின்றோம். பள்ளிக்கு அவர் பெயரை இட்டது எத்துணைப் பொருத்தம்! காமராசர் ஆறாம் வயதிலே தந்தையை இழந்தார். தாய் சிவகாமி அம்மையாரின் குடும்ப நிலையால் அவர் கல்வி இடையில் நின்றது. சிறுவயதிலே மாமன் துணிக்கடையில் அமர நேர்ந்தது. கட்டணமில்லாப் பள்ளியிருந்தும் வறுமை பிள்ளையைப் பள்ளியினின்று பிரிக்க வல்லது என்னும் உண்மையை அவர் தம் வாழ்விலே கண்டவர்.

அவர் 1954-இல் முதலமைச்சரானவுடன், முந்திய ஆண்டிற் கொணரப்பட்ட அரைநாட் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. முந்நூறு பேர் வாழும் சிற்றூர்க்கும் பள்ளி வேண்டும் என்னும் கொள்கையோடு புதுப்பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அது தொடக்கத்தில் எவ்வாறு நடந்தது? ஊரார் மனமுவந்து அளித்த அரிசியும் காய்கறியும் பொருளுங்கொண்டே நடந்தது. பின்னரே அரசாங்கம் பெரும்பங்கை ஏற்றது. பள்ளியை வாழ்விக்க வீடுகள் அரிசி ஈந்த காலம் போய், பிள்ளையை வாழ்விக்கப் பள்ளி சோறிட்ட காலம் வந்தது. ஆயின் இரண்டிலும் இருந்த அறம் ஒன்றே. அத்திட்டம் 1982-இற் சத்துணவாய் விரிந்ததும், 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிற் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியதும் அதன் தொடர்ச்சியே.

இதுகாறும் கூறியவை நமக்குப் பெருமை தருவன. வரலாறு எழுதுவோன் பெருமையை மட்டும் எழுதி மற்றதை மறைத்தல் அறமன்று. ஆதலின் மற்றொரு பக்கத்தையும் கூறுவோம்.

1922-இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் அத்தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் அதனோடு சேர்ந்தன. மழை பொய்த்த நிலத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறிட்டன, இன்றும் இடுகின்றன. இதனை மறுப்பார் இலர். ஆயினும் அத்தொழிலின் வளர்ச்சியில் எழுத்தாணி பிடிக்கவேண்டிய பிஞ்சுக் கைகள் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், தாள் சுற்றவும் புகுந்தன. வைகறையிருளில் ஊர்ஊராய்ச் சென்ற பேருந்துகள் உறக்கங் கலையாத பிள்ளைகளை ஏற்றிச் சென்றமை 1980-களில் நாடறிந்த செய்தியாயிற்று. 1986-இற் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய இடங்களுள் சிவகாசிப் பகுதியும் ஒன்று. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம், சிவகாசியைப் பற்றி எழுந்த வழக்கில், சட்டத்திற்கு மாறாகப் பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பிடியரிசி ஈந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த சமூகத்தின் எல்லையிலேயே இந்நிலை நேர்ந்தமை நாம் நாணத்தக்கதன்றோ?

சட்டத்தாலும், ஆசிரியர் உழைப்பாலும், பெற்றோர் விழிப்பாலும் அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. ஆனால் முற்றும் நீங்கியது என்று உறங்குதற்கில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள், நாடெங்கும் ஆசிரியர் தினம் கொண்டாடிய அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாயையோ தந்தையையோ இவ்வாறு இழந்த வீட்டிற் பள்ளிப்படிப்பு எத்துணை எளிதில் அறுபடும் என்பதைக் காமராசர் வரலாறே காட்டவில்லையா?

‘இக்காலத்தில் அரசாங்கமே புத்தகமும், உணவும், உடையும் தருகின்றது, நாம் ஈவதற்கு யாதுளது?’ என்று சிலர் வினவுவர். நன்கொடை எழுதிவிட்டோம், கடமை முடிந்தது என்பாரும் உளர். பணம் இன்று அரிதன்று, அரிதாயிருப்பது கவனம். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசுதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு வேண்டுமென்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியளவினர் பெண்டிராகவும் இருத்தல்வேண்டுமென்றும் விதித்துள்ளது. பிடியரிசிக் கலயம் அன்று நம் தாய்மார்க்கு ஈந்த உரிமையையே இச்சட்டம் இன்று எழுத்தில் ஈந்துள்ளது. அவ்வுரிமையைக் கொள்வார் இல்லையேல் அது வெறுங்கலயமே.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஊர் உறவின்முறையும் திங்களுக்கு ஒருமுறை தன் தொடக்கப்பள்ளிக்குச் சென்று மூன்று வினாக்கள் கேட்டல் வேண்டும். பள்ளியிற் சேரவேண்டிய வயதினருள் சேராத பிள்ளை யார்? சேர்ந்தவருள் ஒரு வாரத்திற்கு மேல் வாராத பிள்ளை யார், அதற்குக் காரணம் யாது? மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பாடத்தைத் தானே படிக்கின்றதா? எச்சமூகத்துப் பிள்ளையாயினும் இவ்வினாவில் வேறுபாடு கூடாது. நம் முன்னோர் அவ்வேறுபாடு பாராட்டிலர். தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பியோரும் இக்கடமைக்குப் புறம்பானவரல்லர். அன்று பிடியரிசி ஈந்த வீடுகளுள் பிள்ளையில்லா வீடுகளும் இருந்திருக்குமன்றோ?

அன்றியும், பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடும் வரவுசெலவுக் குறிப்பும் கறையானுக்கு இரையாகாமற் காத்தல் வேண்டும். அவை நம் குடும்பங்களின் மெய்யான வரலாறு.

2006 முதல் ஜூலை 15-ஆம் நாள் தமிழ்நாட்டிற் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்பெற்று வருகின்றது. அந்நாளில் மாலையும் மேடையும் அமைப்போம், நன்று. அதனினும் நன்று, அந்நாளுக்கு மறுநாளும் பள்ளிக்குச் செல்லுதல். பெருங்கொடை பள்ளியைக் கட்டும். நாள்தோறும் ஈயும் சிறுகொடையே பள்ளியை நடத்தும். நம் அன்னைமார் காட்டிய இந்நெறியினின்று வழுவாது நம் குடும்பங்கள் ஒழுகுமாக. ஊர்ப்பள்ளிகள் ஓங்குக!