அடுப்பிலிட்ட கால்கள்

‘விட்டலாச்சாரியா படம்’ என்பது தமிழில் நெடுங்காலமாக ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. அட்டைக் குகை, சணல் முடி, நம்ப இயலாத கதை ஆகிய மூன்றையும் ஒருசேர இகழ்வதற்கு இச்சொல் போதும். ஆயினும் இகழ்ந்தவருள் பலர், சிறு வயதில் அப்படங்களைக் கண்டு அஞ்சியவர்களே.

பி. விட்டலாச்சாரியா 1920இல் உடுப்பியை அடுத்த உத்யாவரத்தில் பிறந்தவர். படமெடுக்க வருமுன் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். மணலில் அமர்ந்து பார்ப்பவன் எதற்குக் கூவுவான் என்பதைக் கொட்டகையிலேயே கற்றுக்கொண்டார். நட்சத்திரங்களுக்காக அவர் காத்திருந்ததில்லை. நடிகர் தேதி தராவிடில் அப்பாத்திரத்தைக் கிளியாக்கிவிடுவார் என்று திரையுலகில் ஒரு கதை வழங்கும். தந்திரக் காட்சிகளுக்கு அவர் பெரிதும் நம்பியது பழைய உத்தியையே. காமிராவை நிறுத்து, பொருளை மாற்று, மீண்டும் சுழற்று! பாரிஸில் 1896 அளவில் மெலியே கையாண்ட வித்தை அது.

1978இல் வெளிவந்த தெலுங்குப் படம் ‘ஜகன்மோகினி’. தமிழ் பேசியும் பெருவெற்றி கண்டது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வாசல்களில் ஒலிக்கும். அங்கே மோகினி எம்மொழியில் பேசினாலும் அயலாள் அல்லள். திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை 1955இலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும் இயங்கத் தொடங்கியிருந்தன. அவ்வட்டாரத்தின் பொழுதை ஷிப்ட் சங்கு வகுத்தது. இரவில் வேறு உலகைத் திறந்துவிட்டது திரையரங்கு.

அன்று முகத்தை மூடிக்கொண்ட சிறுவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். தண்டையார்பேட்டையில் 1967இல் திறக்கப்பட்ட அகஸ்தியாவும் 2020இல் மூடப்பட்டது. இப்போது அவர்கள் அப்படத்தை வீட்டுக்கூடத்தில் மீண்டும் காண்கிறார்கள். அச்சம் எழுவதில்லை, காட்சி வெட்டுண்ட இடம் கண்ணுக்குப் புலப்படுகிறது. ஆனால் ஒரு காட்சி மட்டும் சிரித்துத் தள்ளக் கூடியதன்று. ஜெயமாலினி ஏற்ற மோகினி அடுப்பின் முன் அமர்கிறாள். விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே உள்ளே நீட்டிச் சமைக்கிறாள்.

பேய் சமைப்பது தமிழுக்குப் புதிதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்தில் கூழ் அடுகின்றன. மாண்டவர் பற்களே அவற்றுக்கு அரிசி. அதற்கும் முன்னே புறநானூற்றுக் களவேள்வியில் பகைவர் தலைகள் அடுப்பாயின. அங்கெல்லாம் வெந்தது பிறர் உடல். மோகினியின் அடுப்பிலோ எரிவது சமைப்பவளின் உடல். போர்க்களம் நீங்கி வீட்டுச் சமையற்கட்டுக்குள் பேய் நுழைந்ததால் நேர்ந்த மாற்றம் இது. இயக்குநர் பரணியை எண்ணி இதை அமைத்தார் எனக் கொள்ள வேண்டுவதில்லை. விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த பெண்கள் கொட்டகையில் அமர்ந்திருந்தார்கள் என்பதை அவர் அறிந்திருந்தால் போதும்.

சிறுவருக்கு அது பேயின் கொடுமையாகத் தோன்றியது. அருகிலிருந்த தாய்மாரின் கண்ணுக்கு, சமையல் முடிந்ததும் புண்ணின்றி மீண்டுவந்த அக்கால்களே முதலில் பட்டிருக்கக் கூடும்.