டிராக்டர், லோடு வண்டி வாடகை: வருமான வரிக் கணக்கில் எந்தச் செலவைக் கழிக்கலாம்?

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்த விலக்கு உங்கள் நிலத்தில் விளைந்ததற்கு மட்டும்தான். உங்கள் டிராக்டர் அடுத்தவர் வயலில் மணிக்கணக்குக்கு உழுதால், அதில் வருவது தொழில் வருமானம். நெல் அறுவடை இயந்திர வாடகையும், ஊரார் காய்கறியை ஏற்றிப்போகும் குட்டியானை வாடகையும் அப்படித்தான். அதற்குக் கணக்குக் காட்டும்போது டீசல், டயர், டிரைவர் கூலி எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கழிக்கலாம். ஆனால் முழுவதையும் கழிக்க முடியாது.

ஒரே டிராக்டர்தான் உங்கள் வயலையும் உழுகிறது, வாடகைக்கும் போகிறது. சொந்த வயலில் ஓடிய நேரத்துக்கான செலவு விவசாயக் கணக்கில் சேரும். அதை வாடகை வருமானத்தில் கழிக்கக் கூடாது. எப்படிப் பிரிப்பது? டிராக்டரில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்கிறதே, அதுதான் சாட்சி. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, யார் வயல், மீட்டர் தொடக்கம், முடிவு, வாங்கிய தொகை என்று டிரைவரை அன்றன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதும் கணக்கு, கேள்வி வந்தால் நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்தில் 900 மணி நேரம் ஓடியது. அதில் 300 மணி சொந்த வயல், 600 மணி வாடகை. டீசல் 2,70,000 ரூபாய், டிரைவர் கூலி 90,000, ரிப்பேரும் டயரும் 45,000, இன்சூரன்ஸ் 15,000, கடன் வட்டி 60,000. டிராக்டர் விலை 8,00,000 என்றால் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 1,20,000. ஆக மொத்தம் 6,00,000. இதில் மூன்றில் இரண்டு பங்கு, 4,00,000 ரூபாயை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். மணிக்கு 1,000 ரூபாய் வீதம் 6,00,000 வந்திருந்தால் லாபம் 2,00,000.

இதில் பலர் தவறும் இடங்கள் உண்டு. கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவு ஆகாது. வண்டி வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகத் தொழிலில் ஓடியிருந்தால் தேய்மானம் பாதிதான். வாடகைக்கு ஓடும் லாரிக்குத் தேய்மானம் 30 சதவீதம். அதிக பாரம் ஏற்றியதற்குக் கட்டிய அபராதம் செலவில் வராது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் ரொக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். சரக்கு வண்டி ஓட்டுபவருக்குக் கொடுக்கும் வாடகைக்கு மட்டும் வரம்பு 35,000. பங்கில் மாதக் கடனுக்கு டீசல் போட்டுவிட்டு 25,000 ரூபாயை மொத்தமாக நோட்டாக எண்ணிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய வண்டியை ரொக்கத்துக்கு வாங்கினாலும் இதே கதைதான். அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது.

இவ்வளவு எழுதி வைக்க வேண்டுமா என்று மலைப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. உழவு, அறுவடை வாடகைக்கு 44ஏடி பிரிவில், மொத்த வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் போதும். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். சரக்கு வண்டி வாடகைக்கு 44ஏஇ பிரிவு. 12,000 கிலோ மொத்த எடை வரையுள்ள வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய், வருடம் 90,000. அதைவிடப் பெரிய வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். வண்டி ஷெட்டில் நின்றாலும், உங்கள் பெயரில் இருக்கும் மாதமெல்லாம் கணக்கில் வரும். பத்து வண்டிக்கு மேல் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. (இவை 1961-ஆம் வருடச் சட்டத்தின் எண்கள். 2025-26 நிதியாண்டு வருமானம் வரை இவைதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன.)

இந்த வழியில் போனால் டீசல், வட்டி, தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே கழித்ததாகவே அர்த்தம். மறுபடி கேட்க முடியாது. ஒரு டிராக்டர், ஒரு லோடு வண்டி வைத்திருப்பவருக்கு இதுவே நிம்மதி என்பேன். கடனில் அறுவடை இயந்திரம் வாங்கி, முதல் இரண்டு வருடம் வட்டியும் தேய்மானமும் வரவை விழுங்குகிறது என்றால் மட்டும் முழுக் கணக்கு எழுதுவது லாபம். கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் அந்தத் தொழில் நஷ்டத்தை எட்டு வருடம் வரை அடுத்தடுத்த லாபத்தில் கழிக்கலாம். ஆனால் 44ஏடி-யில் போய்க்கொண்டிருந்தவர் ஐந்து வருடத்துக்குள் வெளியே வந்தால், அடுத்த ஐந்து வருடம் திரும்ப அதில் சேர முடியாது. வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டரிடம் தணிக்கையும் செய்ய வேண்டும். ஆகவே மாறும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

புதிய வரி முறையில் 2025-26-க்கு 12 லட்சம் வரை பெரும்பாலும் வரி வராதே, பிறகு எதற்குத் தாக்கல் என்பீர்கள். கரும்பு ஆலையோ கம்பெனியோ உங்கள் வண்டி வாடகையில் டி.டி.எஸ். பிடித்திருந்தால், தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். சரக்கு வண்டி பத்துக்குள் வைத்திருப்பவர், பான் எண்ணுடன் அதைக் குறிப்பிட்டு ஓர் உறுதிமொழிக் கடிதம் முன்பே கொடுத்துவிட்டால் பிடிக்கவே மாட்டார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். வாடகைக்குப் பேசும்போதே அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.