சுவாமியார் இல்லாத ஊரில் செபமாலை

தியானம் முடிந்து வீட்டுக்கு வந்தால் மூன்று நாளைக்கு ஒரு சூடு இருக்கும். நாலாம் நாள் போன் கையில், செபமாலை லாச்சிக்குள். பிறகு 'எனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு போல' எண்டு ஒரு கவலை. எங்களில் கனபேருக்கு இது தெரிந்த கதைதான். அந்தச் சூடு இல்லாவிட்டால் விசுவாசமும் இல்லையா? இதற்கு ஒரு பதில் யாழ்ப்பாணத்தின் பழைய சரித்திரத்திலேயே கிடக்கிறது.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள். குருவானவரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அதே வருடம் கட்டளை போட்டார்கள். கோயில்கள் அவர்களுடைய சீர்திருத்த சபையிடம் போயின. ஞானஸ்நானமும் கலியாணமும் அவர்களுடைய பதிவேட்டில் இருந்தால்தான் செல்லும். காணி, முதுசொம், அரச உத்தியோகம் எல்லாம் அந்தப் பதிவோடு கட்டுப்பட்டவை. அதனால் கனபேர் அங்கே போய்ப் பெயர் பதிந்தார்கள். சிலர் அப்படியே மாறியும் விட்டார்கள். வேறு சிலர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பழைய செபங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. அப்படியே ஏறத்தாழ 30 வருடம்!

1687இல் கோவாவிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் யோசப் வாஸ், வயது 36. குருவானவர் என்று தெரிந்தால் ஆபத்து என்பதால் பிச்சைக்காரர் வேடம். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்க ஏலாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மெல்ல மெல்ல ஆட்களைக் கண்டுகொண்டார். பிறகு சில்லாலைதான் அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர். பூசை எல்லாம் இரவில்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் வந்த நேரத்தில் 25 வயதில் இருந்த ஒருவர், தன் வாழ்க்கையில் பூசையே கண்டிருக்கமாட்டார். அப்படியான ஒருவருக்கும் அந்தச் செபமாலை என்னவென்று விளங்கியிருந்தால், வீட்டில் யாரோ ஒரு அம்மாவோ அப்பாச்சியோ விடாமல் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வாஸ் அடிகளார் புதிதாக நெருப்பு மூட்டவில்லை. நீறு பூத்துக் கிடந்ததைத்தான் ஊதிவிட்டார்.

அதற்கு விலையும் இருந்தது. ஒரு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைப் படையினர் வளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார், பிடிபட்ட சனங்கள் தண்டனை அனுபவித்தார்கள். பிறகு அவர் புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கீச உளவாளி என்று சிறையில் போட்டார்கள். ஆனால் கடைசியில் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்ததும் கண்டியின் பௌத்த அரசன்தான். கிறிஸ்தவ ஆட்சி துரத்திய ஒருவரைப் பௌத்த அரசன் காப்பாற்றினான். இதை நாங்கள் மறக்கக் கூடாது. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, சொந்தக்காரரே பயந்து விட்டுவிட்டுப் போன நோயாளிகளை அடிகளார் பராமரித்தார். அவர்கள் என்ன சமயம் என்று பார்க்கவில்லை. கோவாவுக்குத் திரும்பிப் போகாமலே 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார்.

2015 ஜனவரி 14, காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய பெயர் எல்லாருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு செபம் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்தான் எங்களுக்குத் தெரியாது.

அந்த 30 வருடமும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு உள்ளம் கொதித்திருக்குமா? இருக்காது. தோட்ட வேலை முடிந்து, களைத்து, நித்திரை தூங்கித் தூங்கிச் செபம் சொன்ன இரவுகள்தான் கூட இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார்கள். சூடு வரும், போகும். அது எங்கள் கையில் இல்லை. சூடு இல்லாத நாளிலும் முழங்காலில் நிற்பதும், சுகமில்லாத அயலவரைப் போய்ப் பார்ப்பதும் எங்கள் கையில் இருக்கிறது. இண்டைக்கு எங்களைத் தடுக்க ஒரு கட்டளையும் இல்லை. லாச்சியைத் திறக்கிறதுதான் வேலை.