சோழியின் பிழையும் சனியின் பிழையும்: வாக்கியக் கணிதம் குறித்து ஒரு மறுவாசிப்பு

2023ஆம் ஆண்டில் சனி கும்ப ராசிக்கு இரண்டு முறை பெயர்ந்தது. வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியில் எந்தப் பஞ்சாங்கத்தை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து ஏழரைச் சனி பதினோரு மாதம் முன்னரோ பின்னரோ தொடங்கியிருக்கும். திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றும் கோயில். ஆகவே கூட்டம் டிசம்பரில்தான் திரண்டது. இவ்விரு நாட்களுக்கும் நடுவே, ஆகஸ்ட் 23 அன்று, சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நிலவுப் பயணங்களுக்கான சோதனைகளில் நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பயன்பட்ட மண்ணுக்குரிய பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைப்பது. ஒரே ஆண்டில், ஒரே நிலப்பரப்பில், வானம் குறித்த இந்த மூன்று கணக்குகளும் ஒன்றையொன்று முட்டாமல் நடந்து முடிந்தன.

ஏன் முட்டவில்லை என்பதே என் கேள்வி. “நம்பிக்கை வேறு, அறிவியல் வேறு” என்ற பதில் எனக்குப் போதவில்லை. வாக்கியம் நம்பிக்கையாகத் தொடங்கியதன்று. கோள்களின் இடத்தைச் சொற்களில் பொதிந்து மனப்பாடமாகக் கடத்திய ஒரு கணிதம் அது. அந்தக் கணிதத்தை வரலாற்றாசிரியர்கள் வாசித்த விதத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. அதற்குப் பெரும் பொறுப்பு அவர்களுள் ஒருவரான ஓட்டோ நொய்கெபவருடையது.

1952இல் ‘ஒசிரிஸ்’ இதழில் தமிழ் வானியல் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு ஆதாரம் ஜான் வாரனின் ‘கால சங்கலிதம்’ (1825). வாரன் பிரெஞ்சு வழியினர்; பிரித்தானியப் படை அதிகாரி; 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர். புதுச்சேரியில் அவர் சந்தித்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களைக் கொண்டு, 1825 மே 31 - ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாரன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் பெயரைச் சாமிநாத சேஷய்யா என்று கொள்கிறேன். ‘சாமிநாதன் சேஷையா’ என்றும் படிக்கலாம். இவருக்கு அபார நினைவாற்றல், ஆனால் வானியல் கோட்பாட்டில் ஒரு சொல்கூடப் புரியாது என்பது வாரனின் மதிப்பீடு.

நொய்கெபவர் இந்த மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல் ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பினார். கிரகணக் கணிப்பில் தொடக்கம் 4 நிமிடம் ஒருபுறமும், நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் எதிர்ப்புறமும் பிசகின. இந்தத் துல்லியம் நமக்கு முக்கியமில்லை, மரபு அறுபடாமல் வந்ததே முக்கியம் என்றார் அவர். வராகமிகிரர் வழியாகவும் ரோமப் பேரரசு வழியாகவும் பின்னோக்கிப் போய், கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டு மூன்று நூற்றாண்டுகளின் பாபிலோனியக் களிமண் பலகைகள் வரை கோடு இழுத்தார்.

கோடு தவறென்று நான் சொல்லவில்லை. 248 நாளில் சந்திரன் தன் வேக மாற்றச் சுற்றை ஒன்பது முறை முடிக்கிறது. 3031 நாளில் 110 முறை. இவ்விரு எண்களும் பாபிலோனியாவில் வழங்கியவை. நம் பஞ்சாங்கக்காரர் கலி பிறந்தது முதல் கழிந்த நாட்களை எடுத்து, அதிலிருந்து ரசகைரிகம், கலானிலம், தேவரம் என்று பெயரிட்ட கட்டுகளைக் கழித்துக்கொண்டே வருவார். எழுத்துகளை எண்களாகப் படிக்கும் கடபயாதி முறையில் அவை 12372, 3031, 248. (தேவரம் என்பதைக் கேட்டதும் நம் செவி தேவாரத்துக்குப் போகும், தொடர்பில்லை.) கடைசியில் மிஞ்சும் நாளுக்கு உரிய வாக்கியம் சந்திரனின் இடத்தைச் சொல்லும். எண்கள் எங்கிருந்து வந்தன என்பதில் நொய்கெபவரோடு எனக்குச் சண்டை இல்லை. வந்த எண்களை இங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சண்டை.

அவர் ஒதுக்கித் தள்ளிய பிழையையே எடுத்துக்கொள்வோம். 4, 23, 52 என்ற மூன்று எண்களை ஒரே பிழையாகப் படித்தால் கணக்கு மோசமாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால் அங்கே இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று, கிரகணத்தின் நடுப்பொழுது 23 நிமிடம் பிசகியது. மற்றது, கிரகணம் நீடிக்கும் மொத்த நேரம் 56 நிமிடம் பிசகியது. நடுப்பொழுதைத் தீர்மானிப்பது சூரிய சந்திரர்களின் இடம், அதாவது வாக்கியங்கள். நீடிக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவை ராகுவிலிருந்து சந்திரன் விலகியிருக்கும் அளவும் வட்டங்களின் பருமனும். சூரியனை ஒப்பிடச் சந்திரன் மணிக்குச் சராசரி அரைப் பாகை ஓடுகிறது. ஆகவே 23 நிமிடப் பிசகு வானத்தில் ஏறக்குறைய 12 கலை. நிலா வட்டத்தின் குறுக்களவு 31 கலை. மனப்பாடமாக வந்த வாக்கியங்கள், சோழியைத் தவிர வேறு கருவி இல்லாமல், நிலா வட்டத்தின் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே மேலான பிசகில் சந்திரனை நிறுத்தியிருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக யாரும் வானத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொடுத்து வந்த சொற்களால் இது முடியுமா? முடியாது என்பது என் துணிபு. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து இவ்வளவு சொல்வது துணிச்சல்தான். ஆனால் நொய்கெபவர் கட்டிய கட்டடமும் அதே ஒரு கிரகணத்தின்மேல்தான் நிற்கிறது.

அந்தச் சொற்கள் எழுத்துப் பிசகாமல் வந்தது எப்படி என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. முதலாவது ‘கீர்ந: ச்ரேய:’. வடமொழி ஒலிப்படி முதலெழுத்து க வருக்கத்தின் மூன்றாம் எழுத்து; மதிப்பு 3. ந சுழி, ர 2, ய 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. அடுத்தது ‘தேனவ: ஸ்ரீ:’, 24 பாகை 9 கலை. மூன்றாவது ‘ருத்ரஸ்து நம்ய:’, ஒரு ராசி 6 பாகை 22 கலை. கடைசி வாக்கியம் ‘பவேத் ஸுகம்’, 27 பாகை 44 கலை.

இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். க, ப வருக்கங்களின் நான்கு எழுத்துகளுக்கும் நம்மிடம் ஒற்றை எழுத்துதான். ‘கீர்ந’ என்பதன் முதலெழுத்து 1, 2, 3, 4 என எதுவாகவும் இருக்கலாம். 12 பாகை 1 கலை என்று படித்தாலும் கண்ணுக்குத் தவறு தெரியாது. ‘ஸுகம்’ என்பதில் க மூன்றாம் எழுத்தென்று படித்துவிட்டால் சந்திரன் 37 பாகைக்குத் தாவிவிடும். கிரந்தத்தில் எழுதிய ஓலையில் இச்சிக்கல் இல்லை. ஆனால் சேஷய்யாவின் கையில் ஓலையே இல்லை, நாவும் செவியும்தான். தமிழ்ச் செவிக்கு ககரங்கள் ஒன்றோடொன்று கலப்பது இயல்பு. அப்படியிருந்தும் சந்திரன் தடம் புரளவில்லை என்றால், சொல்பவர் அடுத்தடுத்த வாக்கியங்களின் வித்தியாசத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் என்றே கொள்கிறேன்: முதல் நாள் 12 பாகை 3 கலை, அடுத்த நாள் 12 பாகை 6 கலை, அதற்கடுத்து 12 பாகை 13 கலை. சந்திரன் மெல்ல வேகமெடுக்கிறது என்று அறிந்தவருக்கே இந்த வரிசையில் பிசகு உறுத்தும். இதைக் கோட்பாடு புரியாமை என்று வாரன் சொன்னார். சுகம் என்ற சொல்லின் பொருளே எழுத்தைக் காத்திருக்கலாமே என்று கேட்கலாம்; நியாயமான தடை. ‘கீர்ந’ போன்ற அரிய சொல்லுக்கு அந்தக் காவல் பலமில்லை என்பதே என் பதில்.

வாக்கியங்கள் திருத்தப்பட்டதற்கு இன்னும் உறுதியான சான்று கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவனிடம் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் அவன் முதல் வாக்கியத்தை ‘சீலம் ராஜ்ஞ: ச்ரியே’ என்று மாற்றினான். மதிப்பு 12 பாகை 2 கலை 35 விகலை. பழைய 3 கலையிலிருந்து 25 விகலை குறைவு. இந்த நுண்மைக்காக ஒரு புதுச் சொற்றொடரை இயற்றி, 248ஐயும் திரும்பக் கட்டினான். பரமேசுவரன் 55 ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துவிட்டு 1431இல் ‘திருக்கணிதம்’ எழுதினான். இவை கேரளத்துச் செய்திகள், தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்பவர்களுக்குச் சுந்தரராஜனை நினைவூட்டுவேன். 1300ஐ ஒட்டி எழுந்த ‘வாக்கியகரணம்’ நூலுக்கு உரை கண்ட தமிழ்நாட்டவர். கேரளத்து நீலகண்ட சோமயாஜியிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் பெற்றவர். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்த நூலில் மூலத்தையும் இவ்வுரையையும் சேர்த்தே படிக்கலாம். நூலின் ஆண்டு இன்னும் உறுதிப்படவில்லை. வரருசியின் காலமோ அதைவிடக் கலங்கலானது.

இனிச் சனிக்கு வருவோம். 2023 டிசம்பர் 20 அன்று, திருக்கணிதப்படி, சனி கும்பத்துக்குள் 8 பாகைக்கு மேல் போய்விட்டது. பதினைந்து நிலாக்களை வரிசையாக அடுக்கினால் வரும் தூரம். ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளி பற்றிய அயனாம்சத் தகராறு இதில் சிறு பங்கையே விளக்கும். ஒரே மரபு சந்திரனில் மூன்றிலொரு நிலா பிசக, சனியில் பதினைந்து நிலா பிசகுவானேன்?

கிரகணம் ஊர்கூடிப் பார்க்கும் தேர்வு. பஞ்சாங்கக்காரர் சொன்ன நாழிகையில் நிலா மறையாவிட்டால் குளக்கரையில் தர்ப்பணத்துக்கு நிற்பவர்களே கேட்டுவிடுவார்கள். சனி ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் மங்கிய ஒளி. ராசி எல்லை வானத்தில் கோடாகத் தெரிவதில்லை. அது பெயர்ந்த நாளை எந்த ஊர்க் கண்ணும் சாட்சி சொல்லாது. பொதுமக்களின் பார்வை பட்ட இடத்தில் கணிதம் திருந்தியது; படாத இடத்தில் உறைந்தது. நொய்கெபவர் மரபு முழுவதையும் உறைந்ததாகப் பார்த்தார். உறைந்தது அதன் ஒரு பகுதி மட்டுமே என்கிறேன்.

பார்வையே கணிதத்தைத் திருத்தும் என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ‘ரெட்டிகுலம்’ (Reticulum) விண்மீன் மண்டலத்தில் ஒரு மாறுவிண்மீனைக் கண்டவர். 1868 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் அளந்தவர். 1872இல் அரச வானியல் கழக உறுப்பினர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்ததையொட்டி, பண்டிதரோடு பேசும் உரையாடலாக ஒரு விளக்கநூல் எழுதிப் பல மொழிகளில் வெளியிட்டார். அவர் தொடங்கிய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை ஐரோப்பிய இறக்குமதி என்று எதிர்த்தவர்கள் பரமேசுவரனின் நூலுக்கும் அதே பெயர் இருந்ததை மறந்தார்கள். ரகுநாதாச்சாரி 1880இல் மறைந்தார். சண்டை மறையவில்லை.

திருநள்ளாற்றின் மேலே செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசா வியந்தது என்ற வதந்தியை இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்கிறேன். தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகிறது, நின்றால் விழும். பூமியோடு ஒத்துச் சுழல்பவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே இருக்க முடியும்; திருநள்ளாறு இருப்பதோ வடக்கே கிட்டத்தட்ட 11 பாகையில். செய்தி பொய். ஆனால் அதன் வடிவம் என்னை யோசிக்க வைக்கிறது. அது சாட்சிக்கு அழைப்பது ஒரு கருவியை. தலபுராணத்தை அழைக்கவில்லை. சனிக்கு என்றும் கிடைக்காத ஊரறிந்த சோதனை ஒன்று வேண்டும் என்ற பழைய ஏக்கமே செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டது என்பது என் ஊகம். உண்மையான சோதனையும் நடந்திருக்கிறது: 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி கலத்தின் வானொலிக் குறிப்புகளால் அக்கோளின் இடம் முன்பு எட்டாத துல்லியத்தில் பிடிபட்டது. அந்தச் செய்தி பஞ்சாங்கம் வாங்கும் வீட்டுக்கு எட்டவில்லை.

தமிழ்நாட்டில் திருத்தம் எப்போது நின்றது? சுந்தரராஜனுக்கும் சேஷய்யாவுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அதற்குள் ஓர் ஆண்டைச் சுட்ட எனக்குத் துணிவில்லை. விடை கிடைக்குமானால் அது அச்சேறிய நூல்களில் இராது. பஞ்சாங்கம் கணித்த குடும்பங்களின் பரணில் கிடக்கும், கிரகணம் முடிந்ததும் தேவையற்றுப்போன கணக்கோலைகளில் இருக்கும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து அக்ரகாரங்களும் இதில் அடக்கம். சந்திரனின் எண்ணருகே கூட்டல் கழித்தல் குறிகள் தென்பட்டால் நான் சொன்னது நிற்கும். சனியின் எண்ணருகேயும் அவை இருந்தால் என் வாதத்தில் பாதி விழும்.